கால் விரல் மடங்கும்போது: இரண்டாம் பிரசவத்துக்குத் தயாரான ஒரு பெண்ணின் நிகழ்வு ஆய்வு

உள்ளே வந்து உட்கார்ந்ததும் அவர் முதலில் சொன்னது இதுதான்: "மேடம், எனக்கு ஆபரேஷனே பண்ணிடச் சொல்லி டாக்டருக்கு ஒரு லெட்டர் எழுதிக் கொடுங்க." அப்போது அவருக்கு 22 வாரம். வயது 31, இரண்டாவது கர்ப்பம், மூத்த குழந்தைக்கு நான்கு வயது. ஸ்கேன் எல்லாம் சரியாக இருந்தது, ரத்த அழுத்தம் சரி, சர்க்கரை சரி. காகிதத்தில் பார்த்தால் சிசேரியனுக்கு மருத்துவக் காரணம் என்று ஒன்றுமே கிடையாது.

நான் பிசியோதெரபிஸ்ட். கர்ப்பிணிகளோடும் பிரசவம் ஆன பெண்களோடும் வேலை செய்வது என் தொழில். லெட்டர் எழுதும் இடத்தில் நான் இல்லை, அந்த முடிவு அவருக்கும் அவருடைய மகப்பேறு மருத்துவருக்கும் நடுவே எடுக்க வேண்டியது. அவர் கேட்டதில் தவறும் எதுவும் இல்லை. நன்றாக யோசித்து, எல்லாம் தெரிந்துகொண்டு ஒரு பெண் சிசேரியன் வேண்டும் என்றால் அது மதிக்க வேண்டிய முடிவுதான். ஆனால் இவர் யோசித்து வந்து கேட்டது போலத் தெரியவில்லை, ஓடி வந்து கேட்டது போல இருந்தது. அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. "பிரசவத்துக்குத் தயாராகுங்கள்" என்று எல்லோரும் சொல்கிறோம், ஆனால் பெரும்பாலும் அதை உடம்புக்கு ஒரு பயிற்சிப் பட்டியல், மனதுக்கு "பயப்படாதீங்க" என்ற ஒரு வார்த்தை என்று முடித்துவிடுகிறோம். இந்தப் பெண்ணிடம் அந்த இரண்டுமே எடுபடவில்லை. ஏன் எடுபடவில்லை, அப்புறம் எது எடுபட்டது என்பதை முடிந்தவரை நடந்தபடியே சொல்கிறேன்.

முதல் சந்திப்பில் என் கண்ணில் பட்டது அவருடைய கால் விரல்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். மூத்த குழந்தையைப் பற்றிப் பேசும்போது பாதம் தரையில் சாதாரணமாக இருந்தது. "அந்தப் பிரசவம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, குரலும் சாதாரணமாகத்தான் இருந்தது, ஆனால் பத்து விரல்களும் உள்பக்கமாகச் சுருண்டு தரையைப் பிடித்துக்கொண்டன. மூச்சு மேல் நெஞ்சில் நின்றுவிட்டது. பல்லைக் கடித்திருந்ததில் தாடை எலும்புக்குப் பக்கத்துத் தசை புடைத்தது. அவருக்கு இது எதுவுமே தெரியவில்லை, நான் சொன்ன பிறகு குனிந்து பார்த்து ஆச்சரியப்பட்டார்.

முதல் பிரசவக் கதை சுருக்கமாக இது. வலி எடுத்து 19 மணி நேரம். கடைசி அரை மணி நேரத்தில் திடீரென்று அறையில் ஆட்கள் கூடினார்கள், யாரோ காலைப் பிடித்தார்கள், யாரோ "முக்கு, முக்கு" என்று கத்தினார்கள், பிறப்புவாயில் வெட்டுப் போட்டது தெரிந்தது, வேக்குவம் (தலையில் பொருத்தி இழுக்கும் உறிஞ்சு கருவி) வைத்துக் குழந்தையை எடுத்தார்கள். கணவர் வெளியே நின்றிருந்தார். குழந்தை நன்றாக இருந்தது, தாயும் நன்றாக இருந்தார், எல்லோரும் வாழ்த்துச் சொன்னார்கள். ஆனால் என்ன நடந்தது, எதற்காக நடந்தது என்று அன்றும் யாரும் சொல்லவில்லை, அடுத்த நாளும் சொல்லவில்லை. "குழந்தை நல்லா இருக்குல்ல, அப்புறம் என்ன?" என்றுதான் நான்கு வருடமாக எல்லோரும் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் அவர் வாயை மூடிக்கொண்டார்.

அளந்து பார்த்ததில் தெரிந்தவை

பிரசவ பயத்தை அளக்க 1998இல் ஸ்வீடனில் உருவான விஜ்மா கேள்வித்தாள் ஒன்று இருக்கிறது. 33 கேள்விகள், மொத்த மதிப்பெண் 0 முதல் 165 வரை, 85ஐத் தொட்டாலே கடுமையான பயம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். இவருக்கு 102 வந்தது. ஒரு பிரசவத்தில் அடிபட்ட பிறகு அடுத்ததற்கு வரும் இந்த மாதிரி கடுமையான பயத்துக்கு மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு, இரண்டாம் நிலை டோக்கோபோபியா. பெயர் தெரிந்ததே அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. "அப்போ நான் ஓவரா பண்ணலையா?" என்று கேட்டார்.

உடம்புப் பக்கம் மூன்று விஷயங்கள். ஹீமோகுளோபின் 10.1. கர்ப்பத்தின் நடுப்பகுதியில் 10.5க்குக் கீழே போனால் ரத்தசோகைதான். பிரசவத்தில் ரத்தம் போவது சகஜம், கையிருப்பு குறைவாக உள்ள உடம்புக்கு அதே அளவு இழப்பு அதிகமாக உறைக்கும். மூச்சுப் பயிற்சி, யோகா என்று ஆயிரம் பேசுகிறோம், ஆனால் இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகப் போடுவதைப் பிரசவத் தயாரிப்பு என்று யாரும் நினைப்பதில்லை. இவர் மாத்திரையை டீயோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தார், டீயும் காபியும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. இடைவெளி விடச் சொன்னதும், மருத்துவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்ததும் சேர்ந்து 36ஆம் வாரத்தில் 11.4க்கு வந்தது. இந்தக் கட்டுரையிலேயே எளிதாக நடந்த விஷயம் இதுதான்.

இரண்டாவது, இருமினாலோ தும்மினாலோ லேசாகச் சிறுநீர் கசிந்தது. முதல் பிரசவத்திலிருந்தே இருக்கிறது, யாரிடமும் சொன்னதில்லை. மூன்றாவது, எதைத் தூக்கினாலும், படுக்கையிலிருந்து எழுந்தாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

நான் தவறிய இடம்

கசிவு என்றதும் கை தானாகக் கீகல் பயிற்சிக்குப் போனது. ஆர்னால்ட் கீகல் 1948இல் இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதியதிலிருந்து இடுப்புத்தளத் தசை (சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் தசை) என்றாலே "இறுக்கு, பிடி, விடு" என்பதுதான் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வரும். நல்ல பயிற்சிதான், பலருக்கு உண்மையாகவே உதவுகிறது. ஒரு நாளைக்கு மூன்று முறை, தலா பத்து என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து வந்தார். கசிவு அப்படியே இருக்கிறது. புதிதாக, சிறுநீர் கழிக்க உட்கார்ந்தால் உடனே வரவில்லை, சற்று நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அடிவயிற்றுக்குக் கீழே ஒரு இழுப்பு. தாம்பத்தியம் முன்பே வலியாகத்தான் இருந்தது என்பதையும் அன்றுதான் சொன்னார், அதுவும் நான் நேராகக் கேட்ட பிறகு.

அந்தத் தசை பலவீனமாக மட்டும் இல்லை, எந்நேரமும் இறுகியே இருந்தது. எப்போதும் மூடிய கைமுட்டியால் எதையும் இறுக்கிப் பிடிக்க முடியாது, ஏற்கெனவே மூடித்தானே இருக்கிறது! அதுபோலத்தான் இதுவும். இறுகிய இடுப்புத்தளத்திலும் கசிவு வரும். அவருடைய கால் விரல்களும் தாடையும் முதல் நாளே எனக்குச் சொன்னதை நான் படிக்கத் தவறினேன். உள்பரிசோதனைக்கு அவர் தயாராக இல்லை, அது அவர் உரிமை, நான் வற்புறுத்தவில்லை, சரி. ஆனால் உள்ளே பார்க்காமலேயே மூச்சைக் கவனித்திருக்கலாம், கேட்க வேண்டிய நான்கு கேள்விகளைக் கேட்டிருக்கலாம். அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பயிற்சியைத் தலைகீழாக மாற்றினேன்.

விடுவதைக் கற்றுக்கொள்வது

குழந்தை வெளியே வரும் வழியில் இடுப்புத்தளத் தசை நன்றாக விரிந்து வழிவிட வேண்டும். வெளியே தள்ளும் வேலையைக் கருப்பை பெரும்பாலும் தானே பார்த்துக்கொள்கிறது, நம் விருப்பத்துக்கு உட்படாத தசை அது. நாம் செய்யக்கூடியது குறுக்கே நிற்காமல் இருப்பது. அதனால் 26ஆம் வாரத்திலிருந்து "விடுவது" மட்டும்தான் எங்கள் பாடம்.

மூச்சை உள்ளே இழுக்கும்போது உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசை) கீழே இறங்கும், கூடவே இடுப்புத்தளமும் மெல்லக் கீழே இறங்கி விரியும். மூச்சை விடும்போது இரண்டும் மேலே வரும். இதை அவருக்குக் காட்ட, ஒரு துண்டைச் சுருட்டி நாற்காலியில் வைத்து அதன்மேல் உட்காரச் சொன்னேன். மூச்சை இழுக்கும்போது துண்டின்மேல் கனம் கூடுகிறதா என்று பாருங்கள் என்றேன். முதல் நாள் எதுவும் தெரியவில்லை, இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டிருந்தவர் சட்டென்று திறந்து "இறங்குது" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனை நாள் காத்திருந்தோம். அதற்குப் பிறகு நான்கு எண்ணும் வரை இழுப்பது, ஆறோ எட்டோ எண்ணும் வரை விடுவது, விடும்போது தாடையும் உதடும் தளர்ந்திருப்பது என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தோம்.

கணவருக்கும் ஒரு வேலை கொடுத்தேன். முதுகு தடவுவது, தண்ணீர் கொடுப்பது எல்லாம் அப்புறம், முதல் வேலை மனைவியின் கால் விரல்களைப் பார்ப்பது. மடங்கினால் "விரல்" என்று ஒரே ஒரு சொல். "ரிலாக்ஸா இரு" என்று யாரிடமும் சொல்லாதீர்கள், பதற்றத்தில் இருக்கிற மனிதருக்கு அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாது. "விரல்" என்றால் தெரியும், விரலை நீட்ட வேண்டும். விரல் நீண்டால் தொடை தளரும், தொடை தளர்ந்தால் மற்றதும் கொஞ்சமாவது தளரும்.

இதைப் பழக ஐஸ் கட்டி உதவியது. ஒரு ஐஸ் கட்டியை உள்ளங்கையில் வைத்து ஒரு நிமிடம் மூடிப் பிடிக்க வேண்டும், ஏனென்றால் நல்ல பிரசவ வலி ஒன்று உச்சத்துக்கு ஏறி இறங்க ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். முதல் முறை பல்லைக் கடித்து, மூச்சை அடக்கி, 35 விநாடியில் கீழே போட்டுவிட்டார். "வலியோட சண்டை போட்டேன்" என்றார். அடுத்த முறை மூச்சு மட்டும். அதற்கடுத்த முறை மூச்சும் கணவரின் "விரல்" என்ற குரலும். ஆறாவது முறையில் நிமிடம் முடிந்ததுகூடத் தெரியாமல் தண்ணீர் சொட்டச் சொட்டப் பிடித்துக்கொண்டிருந்தார். ஐஸும் பிரசவ வலியும் ஒன்றல்ல என்பது எனக்கும் தெரியும் அவருக்கும் தெரியும். ஆனால் வலிக்கும்போது உடம்பு தானாக எதைச் செய்கிறது என்று முன்கூட்டியே பார்த்துவிட அது நல்ல வழி.

உடற்பயிற்சி, உடம்பை வைக்கும் நிலைகள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகளுக்கும் சொல்கிற அளவு, இவர் நடந்தே அதை முடித்துவிட்டார். பந்தின்மேல் உட்கார்ந்து இடுப்பைச் சுற்றுவது, கையும் முழங்காலும் ஊன்றி முதுகை வளைப்பது, எதையாவது பிடித்துக்கொண்டு ஆழமாகக் குந்துவது, படுக்கையிலிருந்து ஒருக்களித்து எழுவது, 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்துத் தூங்காமல் ஒருக்களித்துத் தூங்குவது. வலியின் முதல் கட்டத்தில் நிமிர்ந்தும் நடமாடியும் இருந்தவர்களுக்கு, படுத்தே இருந்தவர்களைவிட அந்தக் கட்டம் சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டிப் பார்க்கும் காக்ரன் அமைப்பின் 2013 தொகுப்பாய்வு சொல்கிறது. ஆகவே கட்டில் என்றால் படுக்கத்தான் வேண்டும் என்றில்லை.

34 வாரத்துக்குப் பிறகு பெரினியம் மசாஜ், அதாவது பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவே உள்ள தோலையும் தசையையும் விரலால் மெல்ல நீட்டிப் பழக்குவது. தலைப்பிரசவப் பெண்களுக்கு இதனால் வெட்டுப் போடுவதற்கான தேவை குறைகிறது, ஏற்கெனவே சுகப்பிரசவம் ஆனவர்களுக்குப் பிரசவத்துக்குப் பின் மூன்றாவது மாதத்தில் அந்த இடத்தில் வலி குறைவாக இருக்கிறது. இவர் அதைத் தொடங்கவே மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். முதல் வாரம் கண்ணாடியில் பார்ப்பது மட்டும். பழைய தையல் தழும்பை நான்கு வருடத்தில் முதல் தடவையாகப் பார்த்தார். "இவ்வளவு சின்னதா?" என்று போனில் கேட்டார், அழுதுகொண்டுதான் கேட்டார்.

பயத்துக்குள் என்ன இருந்தது

1930களில் கிரான்ட்லி டிக்-ரீட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் பயம் இறுக்கத்தைத் தரும், இறுக்கம் வலியைக் கூட்டும், வலி மறுபடி பயத்தைத் தரும் என்று ஒரு வட்டத்தை வரைந்து காட்டினார். அந்த வட்டம் இன்றும் பயன்படுகிறது. பயத்தில் சுரக்கும் அட்ரினலின் பிரசவத்தின் ஆரம்பத்தில் கருப்பை சுருங்கும் வேகத்தைக் குறைத்துவிடலாம் என்பதும் தெரிந்ததுதான். ஆனால் இதை வைத்து "பயம் இல்லாவிட்டால் வலியே இருக்காது" என்று சொல்பவர்களோடு எனக்குக் கடுமையான கருத்து வேறுபாடு உண்டு. கருப்பை வாய் பத்து சென்டிமீட்டர் விரிகிறது, வலிக்கத்தான் செய்யும். வலிக்கவே வலிக்காது என்று சொல்லி அனுப்பப்பட்ட பெண், வலிக்கும்போது தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்கிறாள். அது பெரிய அநியாயம்.

இவருடைய பயம் வலியைப் பற்றியது என்றே நானும் முதலில் நினைத்தேன். 28ஆம் வாரத்தில் "அந்த 19 மணி நேரத்துல எந்த நிமிஷம் திரும்பத் திரும்ப வருது?" என்று கேட்டேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எல்லாரும் என் தலைக்கு மேல பேசிக்கிட்டாங்க. என்கிட்ட யாருமே பேசல. குழந்தை செத்துப்போச்சுன்னு நினைச்சேன்" என்றார். வலி பதினெட்டரை மணி நேரம் இருந்தது, அது ஞாபகத்தில் மங்கிவிட்டது. மங்காமல் நின்றது அந்தக் கடைசி அரை மணி நேரம்.

மூச்சுப் பயிற்சியால் ஆறக்கூடிய விஷயம் அல்ல இது. ஸ்பிரிட் வாடை பட்டால் உடம்பு நடுங்குவது, அந்தக் காட்சி கனவில் வருவது, மருத்துவமனைத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போவது எல்லாம் இருந்ததால் மனநல ஆலோசகரிடம் அனுப்பினேன். அவர் ஐந்து அமர்வுகள் பார்த்தார். அங்கே நடந்தது அவர்கள் இருவருக்குள் இருக்கட்டும், ஆனால் அங்கிருந்து வந்த ஒரு யோசனையைச் சொல்ல அனுமதி உண்டு: பழைய பிரசவக் குறிப்பேட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

நகல் வந்தது. மகப்பேறு மருத்துவர் அவரை உட்கார வைத்து வரி வரியாகப் படித்துக் காட்டினார். குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்து நீண்ட நேரம் மேலே ஏறாமல் இருந்திருக்கிறது, தலை நன்றாகக் கீழே இறங்கியிருந்ததால் வேக்குவமே வேகமான வழி, முடிவெடுத்ததிலிருந்து குழந்தை வெளியே வர 11 நிமிடம். செய்தது சரியான சிகிச்சை. "இதை அப்பவே ஒரு வரி சொல்லியிருந்தா போதுமே" என்று அவர் சொன்னதாக மருத்துவர் பிறகு என்னிடம் சொன்னார். அந்த மருத்துவமனையில் அன்று வேலை செய்தவர்கள் குழந்தையைக் காப்பாற்றினார்கள், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் பதினொரு நிமிடத்தில் ஒருவர் அவர் முகத்துக்கு நேரே குனிந்து இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் நான்கு வருடம் மிச்சமாகியிருக்கும்.

சிசேரியன் கதவை நாங்கள் மூடவே இல்லை. 36ஆம் வாரம் வரை யோசியுங்கள், அப்போதும் வேண்டும் என்றால் செய்வோம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஸ்பைனல் ஊசி எப்படிப் போடுவார்கள், விழித்துக்கொண்டுதான் இருப்பீர்கள், வலி இருக்காது, ஆனால் இழுப்பதும் அழுத்துவதும் தெரியும், குழந்தை சில நிமிடங்களில் வந்துவிடும், தைப்பதற்குத்தான் கூடுதல் நேரம் ஆகும் என்று அதையும் முழுதாக விளக்கிச் சொன்னோம். கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அவரால் மற்ற வழியைத் திரும்பிப் பார்க்கவே முடிந்தது. 36ஆம் வாரத்தில் கேள்வித்தாளில் 61. வலி வரும்வரை காத்திருக்கிறேன் என்று அவரே சொன்னார்.

மூன்று வரி

பிரசவத் திட்டம் என்று இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். விளக்கு வெளிச்சம், பாட்டு, எந்த நிலையில் குழந்தை பிறக்க வேண்டும், எபிடியூரல் (முதுகில் போடும் வலிநீக்க ஊசி) வேண்டாம், வெட்டு வேண்டாம், வலி வர வைக்கும் ட்ரிப்ஸ் வேண்டாம். படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன், இதில் எத்தனை உங்கள் கையில் இருக்கிறது? அவரும் கணவரும் சேர்ந்து பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தார்கள். கடைசியில் மூன்று வரி மிஞ்சியது.

என்ன செய்யப்போகிறீர்கள் என்று செய்வதற்கு முன் என்னிடம் சொல்லுங்கள், அவசரம் என்றால் ஒரே வாக்கியம் போதும். என் கணவர் எப்போதும் என் தலைப்பக்கம் இருக்கட்டும். உள்பரிசோதனை நடுவே நான் "நிறுத்துங்க" என்றால் நிறுத்துங்கள்.

எபிடியூரல் பற்றிப் பின்பக்கம் சின்னதாக ஒரு குறிப்பு: "நானாகக் கேட்டால் கொடுங்கள், கேட்கும்வரை நினைவூட்ட வேண்டாம்." இந்தத் தாளை மருத்துவரிடம் முன்கூட்டியே காட்டி, கோப்பின் முதல் பக்கத்தில் பின் செய்யச் சொன்னோம். கணவர் உள்ளே இருப்பதற்கும் அப்போதே அனுமதி வாங்கிவிட்டார்கள். விரும்பிய ஒருவர் கூடவே இருப்பது ஆறுதலுக்காக மட்டும் இல்லை: 15,000க்கு மேற்பட்ட பெண்களைக் கொண்ட 26 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் பார்த்தபோது, தொடர்ந்து ஒருவர் துணை இருந்தவர்களுக்குத் தானாக நடக்கும் பிரசவம் கூடியது, சிசேரியன் குறைந்தது, வலி நேரம் கொஞ்சம் சுருங்கியது.

எப்போது கிளம்ப வேண்டும் என்பதையும் எழுதி வைத்தோம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், ஒரு மணி நேரமாக அப்படியே என்றால் கிளம்பலாம் என்பது பொதுவாகச் சொல்வது, இரண்டாம் பிரசவம் வேகமாகப் போகும் என்பதால் இவர் அதற்கு முன்பே கிளம்ப வேண்டும். பனிக்குடம் உடைந்தால், ரத்தம் போனால், குழந்தை அசைவு குறைந்தால், கடுமையான தலைவலியோ கண் மங்கலோ வந்தால் வலியே இல்லாவிட்டாலும் உடனே.

அந்த 24 மணி நேரம்

நான் அந்த அறையில் இல்லை. குறிப்பேட்டிலிருந்தும் அவர்கள் இருவரும் தனித்தனியாகச் சொன்னதிலிருந்தும் எழுதுகிறேன்.

39 வாரம் 4 நாள். இரவு 1.40க்குப் பனிக்குடம் உடைந்தது, வலி கிடையாது. நாங்கள் பழகிய கதையில் வலி முதலில் வந்தது, வீட்டில் பந்தில் உட்கார்ந்து நேரம் குறிப்பது எல்லாம் இருந்தது. அது எதுவும் நடக்கவில்லை. நீர் தெளிவாக இருக்கிறதா, பச்சையாக இருக்கிறதா என்று பார்த்தார்கள், தெளிவு. மூன்று மணிக்கு மருத்துவமனையில் இருந்தார்கள். குழந்தையின் துடிப்பு நன்றாக இருந்தது, காய்ச்சல் இல்லை. நாள் நிறைந்த பிறகு இப்படி உடைந்தால் பத்தில் ஆறு பேருக்கு 24 மணி நேரத்துக்குள் தானாக வலி வந்துவிடும் என்று மருத்துவர் விளக்கி, காத்திருக்கலாமா உடனே வலி வர வைக்கலாமா என்று கேட்டார். காத்திருக்கிறேன் என்றார். மதியம் மூன்று மணிவரை வராண்டாவில் நடந்தார், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை காய்ச்சல் பார்த்தார்கள், வலி வரவில்லை. ட்ரிப்ஸ் போட ஒப்புக்கொண்டார். "கேட்டாங்க, நான் சரின்னேன்" என்று பின்னால் சொல்லும்போது அந்த "நான்" என்ற சொல்லை அழுத்திச் சொன்னார்.

மாலையில் பணி மாறி வந்த மருத்துவர் ஒருவர் எதுவும் சொல்லாமல் கையுறை போட்டு உள்பரிசோதனைக்கு வந்தார். மனைவியின் விரல்கள் மடங்கியதைக் கணவர் பார்த்தார். "மேடம், ஒரு நிமிஷம். செய்யறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட சொல்லிடுங்க" என்று கோப்பைக் காட்டினார். அந்த மருத்துவர் உடனே நின்று, மன்னிப்புக் கேட்டு, என்ன பார்க்கப் போகிறேன், எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டுச் செய்தார். நான்கு சென்டிமீட்டர்.

குழந்தையின் முகம் தாயின் வயிற்றுப் பக்கம் பார்த்து இருந்ததால் வலி முழுவதும் இடுப்பின் பின்பக்கம். கணவர் உள்ளங்கையின் அடிப்பகுதியால் முதுகுத்தண்டின் அடிப்பகுதியில் உள்ள எலும்பின்மேல் விடாமல் அழுத்தினார், தொடுதலும் அழுத்தமும் வலிச் செய்தி மூளைக்குப் போவதை ஓரளவு தடுக்கும் என்பது 1965இல் மெல்சாக்கும் வாலும் முன்வைத்த வாயில் கோட்பாடு, ஆனால் அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்தது கையை எடுத்தால் மனைவி கத்துகிறார் என்பது மட்டும்தான். இரண்டரை மணி நேரம் அழுத்தியதில் மறுநாள் அவருக்கு மணிக்கட்டு வீங்கியிருந்தது. ட்ரிப்ஸ் வலிகள் பத்து நிமிடத்துக்கு நான்கு என்று வந்தன, நடுவே மூச்சு வாங்க இடம் குறைவு. இரவு 9.30க்கு, ஆறு சென்டிமீட்டரில், அவரே எபிடியூரல் கேட்டார்.

இதை நான் தோல்வி என்று எழுதப்போவதில்லை, அவரும் அப்படிச் சொல்லவில்லை. தன் நிலைமையைத் தானே எடைபோட்டு, தன் வாயால் கேட்டு, கேட்டது கிடைத்தது. ஒரு மணி நேரம் தூங்கக்கூடச் செய்தார். மாறி மாறி ஒருக்களித்துப் படுக்க வைத்து, கால்களுக்கு நடுவே தலையணை கொடுத்தார்கள், நள்ளிரவில் முழுதாகத் திறந்தபோது குழந்தை திரும்பியிருந்தது. உடனே முக்கச் சொல்லாமல் தலை தானாக இறங்க ஒரு மணி நேரம் விட்டார்கள். 1.10க்கு முக்கத் தொடங்கினார், செவிலியர் வெந்நீர்த் துணியை அந்த இடத்தில் வைத்துப் பிடித்திருந்தார், 1.46க்குக் குழந்தை பிறந்தது. 3.2 கிலோ. கருவி எதுவும் இல்லை, வெட்டு இல்லை, இரண்டாம் நிலைக் கிழிசல் (தோலும் அடியில் உள்ள தசையும் கிழிவது), தையல். ரத்தம் 400 மில்லி போனது. தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் சில நிமிடம் விட்டார்கள், குழந்தை அவர் நெஞ்சின்மேல் இருந்தது. ஆக, கடைசியில் மூன்று வரியும் நிறைவேறின. அடித்துப்போட்ட இரண்டு பக்கத்தில் பாதிக்கு மேல் நடக்கவே இல்லை.

பிறகு

மூன்றாம் நாள் காரணமில்லாமல் அழுதார், பால் கட்டிய வலியும் தூக்கமின்மையும் சேர்ந்துகொண்டன. அந்த நாட்களில் இது பலருக்கு வரும், இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தால்தான் கவலைப்பட வேண்டும் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். பத்தாம் நாள் தெளிந்துவிட்டார். ஆறாம் வாரம், பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வை அளக்கும் எடின்பரோ கேள்வித்தாளில் 30க்கு 7. கனவு வருவது நின்றுவிட்டதா என்று கேட்டேன், எப்போதாவது வருகிறது, ஆனால் இப்போது கனவில் யாரோ பேசுகிறார்கள் என்றார்.

கசிவு முழுதாகப் போகவில்லை. ஆறாம் வாரத்தில் அவர் அனுமதியோடு உள்பரிசோதனை செய்தேன், தசை நன்றாகத் தளர்கிறது, இப்போது உண்மையிலேயே வலு குறைவாக இருக்கிறது. ஆகவே கீகல் பயிற்சியை இப்போதுதான் தொடங்கியிருக்கிறோம், ஒவ்வொரு இறுக்கலுக்கும் இரண்டு மடங்கு நேரம் விடுவது என்ற கணக்கில்.

எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல என்னிடம் வழி இல்லை. இரண்டாம் பிரசவம் பொதுவாகவே குறைந்த நேரத்தில் முடியும், எபிடியூரல் தன் வேலையைச் செய்தது, நல்ல செவிலியர் கிடைத்தார், குழந்தை தானாகத் திரும்பியது. இதே தயாரிப்போடு வேறொரு பெண் அவசர சிசேரியனுக்குப் போயிருக்கலாம். குறிப்பேட்டை அவரோடு உட்கார்ந்து படித்த மருத்துவர் ஒருவர் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் என்னை உறுத்தியது. கடைசிச் சந்திப்பில் கணவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். கிளம்பும்போது, "மேடம், முதல் தடவை நான் வெளியே நின்னப்போ உள்ள இருந்து சத்தம் கேட்டுச்சு, அப்புறம் சட்டுன்னு நின்னுடுச்சு. ரெண்டு பேருமே போயிட்டாங்கன்னு நினைச்சேன். இதை இவகிட்டகூடச் சொன்னதில்லை" என்றார். அவர் மனைவி திரும்பிப் பார்த்தார். 18 வாரமாக ஒவ்வொரு சந்திப்புக்கும் கூட வந்தவர் அவர். மனைவியின் விரலைப் பார்க்கச் சொன்னேன், முதுகை அழுத்தச் சொன்னேன், ஒரு நாள்கூட அவரைக் கேட்கவில்லை. அன்று மாலையே என் முதல் சந்திப்புத் தாளில், கூட வருபவருக்கு என்று தனியாகக் கோடு போட்டு ஒரு கேள்வி சேர்த்தேன்: "உங்களுக்கு எந்த நிமிஷம் திரும்பத் திரும்ப வருது?"